பட்டுப்புழுவைப் போட்டுவிட்டு பஸ் ஏறினோம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், பேரிகைக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் நடந்தது இது. அப்போது எங்கள் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. கூப்பிடு தூரத்தில் மைசூர் சீமை. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம் என்று மூன்றையும் கலந்து பேசி வாழ்ந்த ஊர். கேழ்வரகோடு, மல்பெரித் தோட்டம் போட்டு பட்டுப்புழுவும் வளர்த்தோம்.

எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சும்மா இருக்கத் தெரியாத பெண் நான். யார் எப்படி நடப்பார், யார் எப்படித் தும்முவார் என்று அப்படியே செய்து காட்டிவிடுவேன். மணியக்காரர் வெற்றிலை துப்புவதை நான் செய்து காட்டி, அது அவர் காதுக்கே போய்விட்ட கதையும் உண்டு. என் மாமியாருக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. என் ஓரகத்திக்கோ உயிர். என் கணவரின் அண்ணன் மனைவி அவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஆஸ்பத்திரி வேன் ஒன்று ஊருக்கு வந்தது. ஒரு லேடி டாக்டர் இறங்கினார். பெண்களை மட்டும் பள்ளிக்கூடத்துக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பிரசவம், குழந்தை என்று பேசிக்கொண்டே வந்தவர், திடீரென்று மார்பில் வரும் கட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவரவர் மார்பை அவரவரே மாதம் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எப்படிப் பார்ப்பது என்று பெஞ்சில் படுத்தே காட்டினார். எங்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டோம். அவர் பேசிய கன்னடத் தமிழ் மட்டும் என் காதில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மறுநாள் மத்தியானம் தழை அறையில் பெண்களெல்லாம் உட்கார்ந்து மல்பெரித் தழை நறுக்கிக்கொண்டிருந்தோம். வெயில் படாமல் குளுகுளுவென்று இருக்கும் அறை. எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துக் கோட்டு மாதிரி போட்டுக்கொண்டேன். அக்காவை இழுத்து ஈரச் சாக்கின் மேல் படுக்கவைத்தேன்.

"நாச்சிகே படபேடி அம்மா! வெட்கம் பேடா, வேண்டாம்! கையி தலெ மேலே தூக்கு. விரல் நுனி பேடா, விரல் தட்டையா வெச்சி, சுத்தி சுத்தி, மெல்லமா மெல்லமா..."

அறையே அதிர்ந்தது. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் டாக்டரம்மா மாதிரியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரல்களைத் தட்டையாக வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இடது பக்கம், அக்குளை ஒட்டி மேலே, என் விரலுக்கடியில் ஏதோ தட்டுப்பட்டது. நிலக்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். கல் மாதிரி கெட்டி. அழுத்திப் பார்த்தேன், நழுவவில்லை.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, இங்க கட்டி இருக்கு" என்றேன். எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "நெஜமாத்தான் சொல்றேன்!" என்று கத்தினேன். "பாருடி, அழுவுற மாதிரியே நடிக்கிறா!" என்று ஒருத்தி தொடையைத் தட்டினாள். என் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, அவர்கள் கை தட்டுகிறார்கள்! வாழ்க்கையில் அவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்ததே இல்லை. அக்காவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.

அக்கா எழுந்து உட்கார்ந்தார். "இதுவா?" என்றார் சாதாரணமாக. "இது கொஞ்ச நாளா இருக்குதுடி. சின்னதுக்குப் பால் மறக்கடிச்சேன் இல்ல, அப்போ கட்டிக்கினது. வலியே இல்ல. வலிச்சா சொல்லமாட்டேனா?"

அந்த வார்த்தை என்னைத் தூக்கிவாரிப்போட்டது. வெட்கத்தில் பாதியைக் கேட்காமல் விட்ட கூட்டத்தில், நான் மட்டும் செய்து காட்டுவதற்காக ஒவ்வொரு வார்த்தையையும் மனப்பாடம் செய்திருந்தேன். வலிக்கிற கட்டிக்கு நீங்களே ஓடி வந்துவிடுவீர்கள், வலிக்காத கட்டியைத்தான் நம்பாதீர்கள் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார்.

சத்தம் கேட்டு வந்த மாமியார் என்னைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். "வெளையாடற எடமாடி அது, வெக்கங்கெட்டவளே? பால்கட்டுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா? வெளக்கெண்ண தடவி வெத்தலய வாட்டிக் கட்டு, கரைஞ்சிடும்" என்றார்.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிடலாம் அத்தை."

"இப்போவா? புழு என்னா நெலமையில இருக்குதுன்னு தெரியுமா ஒனக்கு? எல்லாம் சந்திரிகை ஏறட்டும், பாத்துக்கலாம்."

புழு வளர்க்காதவர்களுக்கு இது புரியாது. புழு தோலுரிப்பதை எங்கள் பக்கம் ஜுரம் என்போம். நாலாவது ஜுரம் தெளிந்து எழுந்த புழு, தின்னும் தின்னும், அப்படித் தின்னும். ஒரு வேளை தழை தவறினாலும் போச்சு. நன்றாகத் தின்று பழுத்த புழுவைப் பொறுக்கிச் சந்திரிகையில் விட்டால்தான் கூடு கட்டும். சந்திரிகை என்பது மூங்கில் தட்டியில் வளையம் வளையமாகப் பின்னியிருப்பது. எங்கள் வீட்டில் அந்த வேலைக்கெல்லாம் தலைவி அக்காதான். இன்னொன்றும் உண்டு. புழு வீட்டுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள், மருந்து நெடியோடு ஒருவரும் காலடி வைக்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தால் அக்கா அந்த வளர்ப்பு முடியும்வரை உள்ளே வர முடியாது.

அக்காவும் மாமியார் பக்கமே சாய்ந்தார். "போன வளர்ப்பு முடியட்டும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அடுத்த முட்டை வந்துடுச்சு. இதுவும் முடியட்டும்" என்றார். இது முடிந்தால் அடுத்தது வரும், அது முடிந்தால் கேழ்வரகு அறுப்பு வரும். அந்தக் கட்டி யாருக்காகக் காத்திருக்கும்?

மறுநாள் காலை அக்கா ஒவ்வொரு தட்டாக இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் தழை தூவிக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் நூற்றுக்கணக்கில் நெளிகிற புழுக்களுக்கு நடுவே, அக்காவின் கண் ஒரே ஒரு புழுவில் போய் நின்றது. கொஞ்சம் மினுமினுப்பாக, உப்பினாற்போல் இருந்தது. பால்புழு. கிள்ளினால் பாலாய் வடியும் நோய். அதை எடுத்துச் சுண்ணாம்புச் சட்டியில் போட்டார்.

நான் வேண்டுமென்றேதான் கேட்டேன். "ஏன்க்கா அத எடுத்தே? நல்லாத்தானே ஊர்ந்துக்கினு இருந்துச்சு. மத்தது எல்லாம் நல்லாத்தானே இருக்குது. வளர்ப்பு முடியட்டுமே."

"போடி பைத்தியம். இன்னிக்கி இத வுட்டா ரெண்டு நாள்ல தட்டே..."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அக்கா தட்டைக் கீழே வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"அத்தை, நான் நாளைக்கு பெங்களூரு போறேன்" என்றார்.

மாமியார் கையில் தழையோடு நின்றுகொண்டிருந்தார். இப்போது என்ன வெடிக்கப்போகிறதோ என்று பார்த்தேன். அவர் கூடையை இறக்கி வைத்தார்.

"நாளைக்கி என்னா நாளைக்கி? இன்னிக்கே கெளம்பு. புழு போனா போவட்டும், முட்டை வாங்கிக்கலாம்."

பிறகு என்னைப் பார்த்து, "நீயும் போ. அங்கயாவது வாய வெச்சிக்கினு சும்மா இரு" என்றார்.

வண்டி கட்டிக்கொண்டு, பாகலூர் வழியாக ஓசூர் வந்து, பெங்களூர் பஸ் பிடித்தோம். அக்கா, நான் மாமா என்று கூப்பிடும் அவர் கணவர், நான் மூன்று பேரும். எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் ஜெயித்துவிட்ட சந்தோஷம். அக்காவோ வழியெல்லாம் தழை யார் நறுக்குவார், ஈரச்சாக்கை யார் மாற்றுவார் என்று அதே கவலையாக வந்தார்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மாள். அக்காவைச் சோதித்தவர் நிமிர்ந்து, "இவ்வளவு சின்னதா இருக்கிறப்போ யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். அக்கா என்னைக் கை காட்டினார். "எப்படிப் பார்த்தே? செஞ்சு காட்டு" என்றார்.

செய்து காட்டினேன். வேறு எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியாதே! கை போன போக்கில் வாயும் போய்விட்டது. "விரல் நுனி பேடா, தட்டையா வெச்சி, சுத்தி சுத்தி" என்று அவர் எதிரிலேயே அவர் குரலில் பாடம் ஒப்பித்து, கடைசியில் மூக்கையும் உறிஞ்சிவிட்டேன். நர்ஸ் திரும்பி நின்று குலுங்கினாள். எனக்கு பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. டாக்டரம்மாள் என்னையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "நான் இத்தனை ஊர் போனேன். ஒருத்தி ஒழுங்காக் கேட்டிருக்கா!" என்றார்.

அப்புறம் ஜன்னலையெல்லாம் சாத்தி அறையை இருட்டாக்கினார். சின்ன விளக்கு ஒன்றை மார்பின் அடியில் வைத்து அழுத்தினார். சதை முழுக்கச் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்கா குனிந்து பார்த்து, "பழுத்த புழுவ வெளிச்சத்துல தூக்கிப் பாப்போமே, அது மாதிரி" என்று மெதுவாகச் சொன்னார். கட்டி இருந்த இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு நிழல். நீர்க்கட்டியென்றால் வெளிச்சம் தாண்டி வருமாம், இது தாண்டவில்லை. ஆனால் விளக்கை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது, அறுத்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் நிச்சயம் என்றார்.

பார்த்தார்கள். கெட்ட கட்டிதான். மார்பையே எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அக்கா அழுதார், நானும் அழுதேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாமா, வேட்டி நுனியால் முகத்தை மூடியவர் எடுக்கவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து டாக்டரம்மாள் கையில் முடிவோடு வந்தார். அக்குளில் பரவவில்லை. "பேக பந்திதீரா, ஒள்ளேதாயிது" என்றார். சீக்கிரம் வந்துவிட்டீர்கள், நல்லதாயிற்று. அவ்வளவுதான் சொன்னார். நான் அந்த வராந்தா முழுக்க ஓடினேன். யார் யாரோ பார்த்தார்கள், ஒரு நர்ஸ் அதட்டினாள், எனக்கென்ன? மாமாவைப் பிடித்து உலுக்கி, "பொழச்சிக்கிச்சி மாமா, அக்கா பொழச்சிக்கிச்சி" என்று கத்தினேன். படுக்கையில் இருந்த அக்கா என்னைக் கூப்பிட்டு முதலில் கேட்டது என்ன தெரியுமா? "புழு ஏறிடுச்சாமா?" தலையில் அடித்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியபோது வீட்டில் அடுத்த வளர்ப்பு நடந்துகொண்டிருந்தது. அக்காவின் மார்பில் சுற்றியிருந்த கட்டுத் துணியிலிருந்து மருந்து நெடி குப்பென்று வந்தது. வழக்கம் தெரிந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். மாமியார் உள்ளேயிருந்து வந்தார். அக்காவின் வெறுமையான இடது பக்கத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "புழுவுக்கு வாசனை புடிக்கலன்னா அது வெளிய போவட்டும்" என்றார். என் மாமியாரை நான் கட்டிப்பிடித்தது அன்று ஒரு நாள்தான்.

அக்கா அதற்குப் பிறகு எத்தனையோ வளர்ப்பு பார்த்தார். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தார், பேரன் பேத்தி எடுத்தார், நரைத்துக் குனிந்து கிழவியாகித்தான் போனார். போனது இந்த நோயால் அல்ல.

இப்போது ஓசூர் முழுக்கத் தொழிற்சாலைகள். அண்மையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களுக்கு நடந்த மார்பகப் பரிசோதனை முகாமுக்கு நானும் போயிருந்தேன். உடம்பின் சூட்டைப் படம் பிடிக்கும் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். தொடுவது கிடையாது, அழுத்துவது கிடையாது. திரையில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக உருவம் தெரிகிறது! குழந்தை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அங்கிருந்த இளம் டாக்டர், "இத மட்டும் நம்பி வீட்டுக்குப் போயிடக்கூடாதும்மா. சில கட்டி சூடே காட்டாது. மேமோகிராம் எடுக்கணும், சந்தேகம்னா ஊசியால சதை எடுத்துப் பாக்கணும்" என்றாள். எத்தனை கருவி வந்துவிட்டது! எனக்கு ஒரே பூரிப்பு. ஆனால் பெயர் கொடுத்திருந்த பெண்களில் பாதிப் பேர் வரவில்லை. ஷிப்ட் இருக்கிறதாம், வீட்டில் விசேஷமாம், வலியொன்றும் இல்லையாம்.

அக்காவைப் பிழைக்கவைத்தது அந்த டாக்டரம்மாளின் கைதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அத்தனை புழுவும் பசியோடு வாய் திறந்து நிற்கும்போது ஒரு பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் போறேன்" என்று தன் உடம்புக்காகச் சொன்னாளே, அந்த நிமிஷத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.