கப்டனை வெளியே எடுப்பது

ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெயரே கல்லூரி; அதன் உதைபந்தாட்ட அணியில் வலது பக்கம் ஓடியவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, பந்து முடியவில்லை. சுவிஸுக்கு வந்து, எங்கடின் மலைப்பக்கத்தில் ஹோட்டல் குசினியில் சட்டி கழுவிய காலத்திலும், லீவு கிடைத்தால் ரயிலேறி விளையாட வந்துவிடுவேன். பிறகு ஒரு மழைநாள், பாடன் நகர மைதானத்தில் முழங்கால் சவ்வு அறுந்தது. "இனி உனக்கு ஓடேலாது, கோச்சா நில்" என்றார்கள் இங்குள்ள எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் அணியினர். கோச் என்றால் பந்துக்குக் காற்றடிப்பது, தண்ணீர்ப் போத்தல் தூக்குவது, தோற்றால் ஏச்சு வாங்குவது.

ஏச்சைத் தாங்கலாம். கப்டனைத்தான் தாங்க முடியவில்லை. கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. அங்கேயும் அவர்தான் கப்டன். இங்கே வந்து தலை நரைத்து, பேத்தி பிறந்த பிறகும் அவரேதான். முன்வரிசையில் நின்ற இடத்திலேயே நின்று, பந்து தன் காலுக்கு வரவேண்டுமென்று கையைத் தூக்குவார். அவரை மாற்ற எவருக்கும் துணிவில்லை. அண்ணை என்று கூப்பிடுகிற ஆளை எப்படி வெளியே வா என்பது?

போன மாரியில் அவருக்கு நெஞ்சடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் இரத்தக்குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்தார்கள். கோடையில், ஆராவ் சுற்றுப்போட்டிக்கு வருகிறேன் என்று சப்பாத்தைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். போட்டிக்கு முதல்நாள் அவர் மனைவி எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, கொஞ்சமா ஓடலாம் எண்டுதான் டொக்டர் சொன்னவர். முதல் பாதியோட இவரை வெளியால எடுத்துப்போடும். நான் சொன்னாக் கேக்கிற ஆளில்லை. நீர்தானே கோச்?"

அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவன் நான். என் தலையிலா இதைக் கட்டவேண்டும்?

இடைவேளையில் மெல்லச் சொன்னேன். "அண்ணை, கொஞ்சம் இருங்கோவன்."

"ஒண்டுக்கு ஒண்டில நிக்குது. இந்த நேரத்தில கப்டன் இருக்கிறதோ?"

"அக்கா சொன்னவா..."

"அக்கா என்ன, உன்ர அசிஸ்டன்ட் கோச்சோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் பாதியில் நான் பந்தைப் பார்க்கவேயில்லை. அவருடைய கை நெஞ்சுப் பக்கம் போகிறதா என்றே பார்த்தேன். வியர்வை துடைக்கக் கை போனாலே கதிரையைவிட்டு எழும்பினேன். "அண்ணை, மாத்திறன்!" என்று கத்தினேன். காது கேளாதவர்போல மற்றப் பக்கம் போனார். கோட்டருகே நிறுத்திய மாற்று ஆட்டக்காரனும், "எனக்கேன் பொல்லாப்பு?" என்று போய் இருந்துவிட்டான். நடுவர் சுவிஸ்காரர். அவரிடம் எனக்குத் தெரிந்த ஜேர்மனில் கெஞ்சினேன். "கோச் நீங்கள்தானே?" என்றார். அந்த மைதானத்தில் அதை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

பந்து வெளியே போயிருந்த நேரம், கப்டன் குனிந்து முழங்காலில் கையூன்றி நின்றார். உதடு வெளுத்திருந்தது. ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, காலில் கிடந்த சாதாரணச் சப்பாத்தோடு உள்ளே ஓடினேன்.

"அண்ணை, எனக்கு ஏலாது. நான் சொன்னா ஒருத்தரும் கேக்கிறாங்களில்லை. நீங்கள் போய்க் கோச்சா நில்லுங்கோ, நீங்கள் சொன்னாத்தான் கேப்பாங்கள். உங்கட இடத்தில நான் நிக்கிறன்."

நிமிர்ந்து பார்த்தார். மூச்சு வாங்கியது.

"அப்ப விசிலைத் தா."

கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். கப்டன் பட்டியை மட்டும் அவர் தரவில்லை. கையில் கட்டியபடியே போனார். பழைய மாணவர் போட்டிதானே, நடுவரும் பேசாமல் விட்டார்.

தோற்றோம். என் முழங்கால் பூசணிக்காய்போல வீங்கியது. அன்றைக்குப் போன விசில் இன்னும் திரும்பி வரவில்லை. இப்போது ஒவ்வொரு போட்டியிலும் கதிரையில் இருந்து கத்துகிறார், அதிகமும் நொண்டிக்கொண்டு திரிகிற என்னைப் பார்த்து. "ஓடடா! கல்லூரியிலயும் இப்பிடித்தான் நிண்டனி!"

போன வாரம் அக்கா திரும்பவும் போன் எடுத்தார். நான் காலில் ஐஸ் கட்டிக்கொண்டு இருந்தேன்.

"தம்பி, கத்தினா அவருக்குப் பிறஷர் ஏறுதாம். அந்தக் கோச் வேலையை இனி நீரே வாங்கிப்போடுமன்."