என் யோசனைக்கு நான் போட்ட ஓட்டு

பழைய கச்சேரி கேசட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஐந்து பேர் மயிலாப்பூரில் ஒரு பிளாக்செயின், அதாவது கம்ப்யூட்டரில் சங்கிலியாகக் கோத்த பொதுப் பதிவேடு, நடத்துகிறோம். எந்தக் கேசட் யாரிடம் இருக்கிறது, பதிவு செய்தது யார் என்கிற விவரமெல்லாம், நாங்கள் போடும் ஓட்டு உட்பட, அதில் ஏறும். ஏறினால் ஏறியதுதான், யாராலும் அழிக்க முடியாது. விதியை மாற்ற வேண்டுமென்றால் ஐவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் ஃபோர்க்தான்: சங்கிலி இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பதிவேடு ஆகிவிடும். அப்புறம் எது அசல் என்று அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஐவரில் ஒருத்தி சிந்தாதிரிப்பேட்டைக்காரி. பெருங்குடி ஆபீசில் எனக்குப் பக்கத்து இருக்கை. அவளைக் குழுவுக்குக் கூட்டி வந்ததே நான்தான். ஆறே மாதத்தில் எல்லோரும் எதற்கெடுத்தாலும் அவளைக் கேட்க ஆரம்பித்தார்கள். ஃபோர்க் என்றால் என்ன என்று எங்கள் மூத்த உறுப்பினர் கேட்டபோது நான் படமெல்லாம் வரைந்து காட்டினேன். அவள், "பாகப்பிரிவினை சார். அதுவரைக்கும் நடந்த குடும்பக் கதை ரெண்டு வூட்டுக்கும் பொது" என்றாள். அவர் கைதட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

கேசட் கொடுக்கிறவர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று ஆழ்வார்பேட்டை காபிக் கடையில் ஒருமுறை சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. சில மாதம் கழித்து அதையே அவள் எழுதிக் குழுவில் போட்டாள். ஆஹா, ஓஹோ என்றார்கள். இரண்டு பத்தி படித்தேன், மூன்றாவதைப் படிக்கப் பொறுக்கவில்லை. 'வேண்டாம்' என்று ஓட்டைப் போட்டுவிட்டு மூடினேன். மற்ற நால்வரும் 'சரி' என்று போட்டிருந்தார்கள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள்: "இன்னாக்கா, உன் ஐடியாவுக்கு நீயே வேணாம்னு போட்டுக்கீற?"

"என் ஐடியான்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"கடைசி வரில எழுதிக்கீறேனே, இது அக்கா சொன்னதுன்னு. படிக்கலியா? சாயங்காலம் வரைக்கும் மாத்திக்கலாம். இல்லாங்காட்டி பிரிஞ்சிரும்க்கா."

போனை எடுத்துப் படித்தேன். இருந்தது. வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ, இந்தப் பெரிய மனசும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று இன்னும் பொறாமைதான் வந்தது.

ஓட்டை மாற்றினேன், சங்கிலி பிழைத்தது. ஆனால் முதலில் போட்ட 'வேண்டாம்' என் பெயரோடு அங்கேயே நிற்கிறது. புதிதாக ஓட்டுரிமை பெற்று வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொள்கிறாள்:

"அக்கா கை தவறி அழுத்திட்டாங்க."