வலது காதுத் திருகு

இன்ஸ்டாகிராமில் ஒருவர் ஏழுகல் கெம்புத்தோடு விற்றார். நூறு வருடத்துக்கு முந்தைய ஜமீன் வீட்டு நகையாம். திருகுகூட அந்தக் காலத்ததாம். அதன் மங்கிய நிறத்தில் மயங்கி, சாயங்காலம் பணம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன்.

அன்று மதியம் அண்ணன் மனைவியோடு குற்றாலத்தில் குளிக்கப் போனேன். அருவி வேகத்தில் தெறித்துவிடும் என்று மதினி தன் அம்மாவின் பழைய தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்திருந்தார். குளித்து முடித்து நான் மாட்டிவிட்டபோது திருகு ஏறவே இல்லை.

"ஏட்டி, மாத்திப் போடுதே! அது வலது காதுத் திருகு. அந்தக் காலத்துல கையால மரை வெட்டுனது, ஒண்ணோடது இன்னொண்ணுல ஏறாது" என்றார் மதினி.

எனக்குப் பொறி தட்டியது. ஈரத்தலையோடு அந்த வியாபாரியை வீடியோவில் அழைத்து, இரண்டு திருகையும் மாற்றிப் போட்டுக் காட்டச் சொன்னேன். இரண்டும் வழுக்கிக்கொண்டு ஏறின.

"பாத்தீங்களா மேடம், எதை எதுல போட்டாலும் கச்சிதம்!" என்றார் பெருமையாக. மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மெஷினில் வெட்டிய மரைக்கு ஏது ஜமீன்? பணம் அனுப்பவில்லை.

இப்போது பழைய தோடு என்று யார் காட்டினாலும், முதலில் திருகை மாற்றிப் போடச் சொல்கிறேன். சேராவிட்டால்தான் விலையே கேட்கிறேன்.