முதல் சோற்றுக்கு முந்திய உருளைக்கிழங்கு

அடுப்புக்கு மேலே மூங்கிலில் கட்டித் தொங்கவிட்ட பூண்டு... அதில் விறகுப் புகை ஏறுகிற மணம்... அதோடு கொடியில் காயும், கேப்பை வடிகட்டிய துணியின் புளித்த வாடை.

இவை மூன்றும் சேர்ந்து நினைவுக்கு வந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது.

நேற்று நம் ரிட்டயர்டு டீச்சர்கள் குரூப்பில் ஒருவர், "பத்து மாதப் பேரன், மிக்ஸியில் மையாக அடித்தால்தான் விழுங்குகிறான், என்ன செய்ய?" என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலையில் ஒரு ஊரில் எனக்கு முதல் வேலை. ஒரே டீச்சர், அதுவும் நான்தான். கணவர் பழனி அடிவாரத்தில் தன் அம்மாவோடு கடையைப் பார்த்துக்கொண்டார், மாதம் ஒருமுறை வருவார். நானும் கைக்குழந்தை தண்டபாணியும் ஒரு பூண்டு விவசாயி வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துப் பிறந்தவன் அவன். பேரன் பிறந்தால் முதல் சோறு பழனி மலைமேல்தான் என்று மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். நல்ல வேண்டுதல்தான். ஆறாம் மாதத்துக்கு நாளும் பார்த்தாயிற்று. அதற்குள் கணவரின் பெரியப்பா காலமானார். பங்காளி சாவு... ஒரு வருடம் மலை ஏறக் கூடாது.

அதாவது, பிள்ளை சோற்றைப் பார்க்க ஒன்றரை வயது ஆக வேண்டும்.

"அதுவரைக்கும் கேப்பைப் பால் குடு, போதும். பல்லுல படுற மாதிரி ஒண்ணும் குடுத்துராத, சாமி குத்தமாயிரும்" என்று மாமியார் பழைய வேட்டியை நாலாகக் கிழித்துக் கையில் கொடுத்தார். கேப்பையை ஊறவைத்து ஆட்டி, அந்தத் துணியில் பிழிந்து, காய்ச்சி ஊற்றுவேன். கணவரிடம் முறையிட்டால், "அம்மா சொன்னா கேட்டுக்கோயேன்" என்பார். அவருக்கென்ன, அவர் மூன்று வேளையும் சோறு தின்றார்.

பத்தாவது மாதம். நான்கு பல் முளைத்துவிட்டது. பிள்ளை நோஞ்சானாக இருந்தான். ஒருநாள் துணி கிழிந்து கேப்பைத் திப்பி கொஞ்சம் பாலில் இறங்கிவிட்டது. அவ்வளவுதான், ஓங்கரித்துக் குடித்ததையெல்லாம் கக்கிவிட்டான். ஒரு திப்பிக்கே இப்படியென்றால் இவன் என்றைக்குச் சாப்பிடப் போகிறான்?

பள்ளி நேரத்தில் அவனைப் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாதான் பார்த்துக்கொள்வாள். என் வயதுக்காரி. அவள் மகளும் அதே மாதம் பிறந்தவள். அது சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கெல்லாம் கரியாகத் தின்றுகொண்டிருக்கும். என் பிள்ளை அதன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"டீச்சரம்மா, கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க... ஒங்க பிள்ளைக்குப் பல்லு எதுக்கு மொளச்சிருக்கு?"

அன்று சாயங்காலமே அந்த வேட்டித் துணியை அடுப்பில் போட்டேன்.

முதலில் வேகவைத்த உருளைக்கிழங்கைப் பாலில் கரைத்து, மாவு சல்லடையில் தேய்த்துக் கொடுத்தேன். மூன்று நாள் துப்பினான். நான்காம் நாள் துப்ப மறந்துவிட்டான். பிறகு சல்லடையையும் விட்டேன். கையால் மசித்து, வேண்டுமென்றே சின்னச் சின்னக் கட்டி விட்டுவைத்தேன். அப்புறம் குழைய வெந்த கேரட்டை நீளமாக நறுக்கி அவன் கையிலேயே கொடுத்தேன். சில நாள் ஓங்கரிப்பான், கண்ணில் தண்ணீர் வரும். எனக்கும்தான் வரும். மறுநாளும் கொடுப்பேன்.

பதினோராம் மாதம், சொல்லாமல் கொள்ளாமல் மாமியார் வந்து நின்றார். பழனியிலிருந்து வத்தலக்குண்டு சுற்றி, இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு. வாசலில் பேரன், கை நிறையக் கிழங்கு.

"ஏத்தா, என்னத்தக் குடுத்து வச்சிருக்க?"

"உருளைக்கெழங்கு அத்தே."

"வேண்டுதல் கெடக்கேத்தா..."

"வேண்டுனது சோத்துக்குத்தான அத்தே, கெழங்குக்கு இல்லையே."

அந்த நேரம் பார்த்து அவனுக்குக் கிழங்கு தொண்டையில் சிக்கிக்கொண்டது. முகம் சிவந்து இருமினான். மாமியார் பதறிப்போய் வாயில் விரலை விடப் பாய்ந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அவர் கையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"விடுங்க அத்தே. இருமுறான், சத்தம் வருது. அவனே தள்ளிருவான்."

தள்ளினான். நாக்கு நுனிக்கு வந்த கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தான். மறுபடி வாயில் போட்டு மென்றான்.

"நாளைக்கு ஒண்ணுன்னா சாமிக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். பிள்ளையப் பட்டினி போடுன்னு சாமி கேக்கலை அத்தே, நாமதான் போட்டோம்."

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். நான் வைத்த உருளைக்கிழங்குக் குழம்பைத் தொடவில்லை. அடுத்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது சாமி குத்தம்தானோ என்று நான் பயந்தது உண்மை. ஆனாலும் காய்ச்சல் விட்டதும் கிழங்கைத்தான் வேகவைத்தேன்.

வருடம் முடிந்து பழனி மலை ஏறினோம். மாமியார் சோற்றில் பால் விட்டு, மாவாகப் பிசைந்து ஊட்டினார். தண்டபாணி நாக்கால் வெளியே தள்ளினான். இன்னொரு தடவை, அதையும் தள்ளினான். அவர் என்னைப் பார்த்தார்.

பிறகு பிசையாத சோற்றிலிருந்து நாலு பருக்கை எடுத்து வைத்தார். மென்றான். மறுபடி வாயைத் திறந்தான்.

"மெல்லத் தெரிஞ்சிருக்கு" என்றார் மாமியார். யாரிடம் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது எல்லாம் பாக்கெட்டில் வருகிறது. எந்த மாதம் எவ்வளவு கட்டி இருக்கலாம் என்று போனே சொல்கிறதாம். எங்களுக்குச் சொல்ல ஒரு வெள்ளையம்மாதான் இருந்தாள். பயம் மட்டும் அன்றைக்கு இருந்த அதே பயம்தான்... அன்று வேட்டித் துணியில் வடிகட்டினோம், இன்று மிக்ஸியில் அடிக்கிறார்கள். டீச்சர், மிக்ஸியைத் தூக்கிப் பரணில் போடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், கையால் மசித்துக் கொடுங்கள், துப்பினால் துப்பட்டும்.

தண்டபாணிக்கு அறுபது தாண்டிவிட்டது. போன வாரம் என் முன்னால் உட்கார்ந்து முறுக்கு கடித்தான், எல்லாம் சொந்தப் பல். அந்தச் சாமி குத்தம் இன்னும் வந்து சேரவில்லை. வரட்டும். பதில் சொல்ல நான் இருக்கிறேன்.