ஜனவரி இருபத்தாறு யாருடைய லீவு

நான் வேலை பார்ப்பது பெங்களூரில், லீவு எடுப்பது ஆஸ்திரேலியாவில். அங்குள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வரும் கார் விபத்துக் கோரிக்கைகளை இங்கே உட்கார்ந்து சரிபார்க்கும் குழு எங்களுடையது. அவர்களுக்கு என்றைக்கு விடுமுறையோ அன்றைக்குத்தான் எங்களுக்கும். தீபாவளிக்குக் கெஞ்சிக் கூத்தாட வேண்டும். ஆனால் ஜூன் மாதத்தில் இங்கிலாந்து ராஜாவின் பிறந்த நாள் என்று ஒரு திங்கட்கிழமை கேட்காமலே வந்துவிடும். அந்த மனிதர் உண்மையில் பிறந்தது நவம்பரில். எனக்கென்ன, அன்றைக்கு நான் போர்வை துவைப்பேன்.

ஜனவரி இருபத்தாறும் அப்படித்தான் கேட்காமலே வந்துகொண்டிருந்தது. குடியரசு தினம் ஆயிற்றே, வராமல் எப்படி என்று நினைத்திருந்தேன். போன டிசம்பரில் வந்த ஒரு மெயில் என் கண்ணைத் திறந்தது. இத்தனை வருஷமும் எனக்குக் கிடைத்தது குடியரசு தின லீவே அல்ல. ஆஸ்திரேலியா தின லீவு. வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கி அந்த மண்ணில் கொடி நட்ட நாள். இரண்டும் ஒரே தேதியில் வந்து தொலைத்ததால் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

மெயிலை மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். பூர்வகுடி மக்களுக்கு அது துக்க நாள், ஆகவே இனி அலுவலகம் அன்று வழக்கம்போல் இயங்கும், வேண்டியவர்கள் பிறகு வேறொரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று. நல்ல விஷயம்தானே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அந்த லீவு எனக்குக் கட்டாயம் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

ஏனென்றால் இந்த வருஷம் வாசிக்க வேண்டியவள் நான். எங்கள் மர்பி டவுன் தெருவில் ஜனவரி இருபத்தாறு காலை எட்டு மணிக்கு அரசியல் சட்டம் எழுதிய அண்ணலின் சிலைக்கு மாலை போட்டு, கொடியேற்றி, அந்தச் சட்டத்தின் முகப்புரையைத் தமிழில் உரக்க வாசிப்பது வழக்கம். பேட்டைக்கு வெள்ளைக்காரன் பெயர், அதனால் என்ன, வாசிப்பது எங்கள் சட்டம். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடி நாங்கள் இங்கே குடிவந்த நாளிலிருந்து வாசித்தவர் அப்பா. தாளைப் பார்க்க மாட்டார். இப்போது சுரங்கத் தூசி அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச விடுவதில்லை. தெருச் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து, "அடுத்து யாருண்ணா படிக்கறது?" என்று கேட்டபோது அப்பா என்னைக் கை காட்டினார். அந்த மேடையில் அதுவரை ஒரு பெண் ஏறியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வாசித்துப் பழகினேன்.

குழுத் தலைவரிடம் போனேன். தமிழும் கன்னடமும் கலந்து பேசும் நல்ல மனிதர், அதுதான் தொல்லை.

"சார், இது தேசிய விடுமுறை. சட்டமே இருக்கு."

"இல்லேன்னு யாரும்மா சொன்னது? வேலை செஞ்சா காம்ப்-ஆஃப் உண்டு, பதிலுக்கு வேற ஒரு நாள் எடுத்துக்கலாம். க்ளையண்ட் ஓப்பன் வெச்சா நாம ஏனு மாடோது, என்ன பண்றது?"

"அப்போ லீவு போடறேன்."

"அந்த வாரம் ஏற்கெனவே மூணு பேர் ஊருக்குப் போறாங்க. நீயும் போனா நான்தான் க்ளெய்ம் பாக்கணும்."

கடைசி முயற்சியாக, மெல்பர்னில் எங்கள் வேலையை மேற்பார்வை பார்க்கும் பெண்மணியிடம் வீடியோ அழைப்பில் கேட்டேன். அவள் மனமுருகிப் பேசினாள். தன் முன்னோர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள், சிறுவயதில் அந்த நாளில் கொடி வைத்துக்கொண்டு குதித்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது, பிறர் நிலத்தைப் பிடுங்கியதைக் கொண்டாட முடியாது என்றாள். ஒவ்வொரு சொல்லும் நியாயம். எனக்குச் சண்டை போட ஓர் இடுக்குகூடக் கிடைக்கவில்லை. அதே தேதியில்தான் நாங்கள் அவர்களுடைய ராஜாவை வேண்டாம் என்று முடித்துக்கொண்டோம், எனக்கு அந்த நாள் வேண்டும் என்றேன். "எவ்வளவு அழகு!" என்று கைகூப்பினாள். லீவு விஷயத்தைப் பெங்களூரில் பேசிக்கொள்ளச் சொன்னாள். பதிலுக்குக் கிடைக்கும் அந்த ஒரு நாளை அவள் என்ன செய்வாள் என்று கேட்டேன். ராஜா பிறந்த நாளோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவாளாம்.

பற்றிக்கொண்டு வந்தது. ராஜாவின் கொடி நட்ட நாள் கூசுகிறது, ராஜாவின் பிறந்த நாள் கூசவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கியது என் குடியரசு.

ஜனவரி இருபத்தாறு காலை எட்டு மணிக்கு நான் அடிலெய்டில் யாரோ ஒருவர் கங்காருமேல் மோதிய காரின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இடைவேளையில் எடுத்துப் பார்த்தால் தெருவிலிருந்து வீடியோ வந்திருந்தது. அப்பாவே மேடையேறியிருந்தார். முதல் வரியைச் சொன்னார், இருமினார். மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். உட்கார்ந்தவர் எழவில்லை. முகப்புரை பாதியில் நிற்க, நேராகத் தேசிய கீதத்துக்குப் போய்விட்டார்கள்.

மதியம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனபோது அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். சட்டையில் குத்திய மூவர்ணப் பட்டையை இன்னும் கழற்றவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"லீவு கேட்டியாம்மா?"

"கேட்டேம்பா. எவ்ளோ கேட்டேன் தெரியுமா."

"யார்கிட்ட?"

"நம்ம சார்கிட்ட கேட்டேன். அப்பறம் ஆஸ்திரேலியாவுல ஒரு வெள்ளைக்காரம்மா இருக்காங்க, அவங்ககிட்டயும் கேட்டேன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜனவரி இருபத்தாறுக்கா?" என்றார்.

சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போக, நான் அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.