அந்த ஆர்ட் இல்லைங்க!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் டம்ளர் காபி பாதிகூட இறங்கவில்லை. போனில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். ராசிபுரம் மாமா ஒரு ஈசிஜி அனுப்பியிருந்தார்.

கீழே ஒரு வரி: “சாமி, கொஞ்சம் பாத்துச் சொல்லு. கோடு ரொம்ப ஏறி எறங்குது.”

நான் டாக்டர் இல்லை. நர்ஸ்கூட இல்லை. மோகனூர் ரோட்டில் என் வீட்டுக்காரரோடு சேர்ந்து முட்டை மொத்த வியாபாரம் செய்கிறவள். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு இது தெரியும். பிறகு எனக்கு எதற்கு ஈசிஜி?

எல்லாம் படிப்பு செய்த வேலை! இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் வடக்கே போய்ப் படித்தது பி.ஏ. ஆர்ட் ஹிஸ்டரி. அதாவது கலை வரலாறு. ஒரு சிற்பம், ஒரு ஓவியம், ஒரு கட்டடம்... யார் செய்தது, எப்போது, ஏன் இப்படி — இதுதான் பாடம். கல்யாணப் பேச்சு நடந்தபோது என் அப்பா மாப்பிள்ளை வீட்டில், “பொண்ணு ஆர்ட்டு படிச்சிருக்குதுங்க” என்று சொல்லி வைத்தார்.

நம் பக்கம் மாரடைப்புக்கு என்ன பெயர்? ஆர்ட் அட்டாக்! என் வீட்டுக்காரரின் தாய்மாமாவான ராசிபுரத்தார் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார் — வரப்போகிற மருமகள் நெஞ்சு வைத்தியம் படித்தவள் என்று. நூறு தடவை விளக்கியாகிவிட்டது. “ப்ராக்டீஸ் பண்ணலைன்னா என்ன சாமி, படிச்சது மறந்தா போயிரும்?” என்கிறார்.

வழக்கம்போல, “இதை எடுத்துக்கிட்டு உடனே டாக்டர்கிட்டப் போங்க மாமா” என்று பதில் போட்டேன். “நீ சொன்னாச் சரி” என்று ஒரு கும்பிடு வந்தது. பாருங்கள், என் வைத்தியத்தில் இதுவரை ஒரு தப்பும் நடந்ததில்லை.

போனைக் கீழே வைக்கிறேன், கேட் திறக்கும் சத்தம். ஒரு அப்பாவும் மகளும்.

அப்பா பெயர் செல்லமுத்து. பைபாஸ் ஓரத்தில் பழைய லாரி வாங்கி விற்கிற யார்டு வைத்திருக்கிறார். மகள் தர்ஷினி, ப்ளஸ் டூ முடித்து ஒரு தடவை நீட் எழுதிப் பார்த்தவள். எப்போதோ இந்தப் பத்தியில் என் படிப்பைப் பற்றி அரை வரி எழுதியிருந்தேனாம். அதைப் பிடித்துக்கொண்டு அப்பாவை இழுத்து வந்திருக்கிறாள். அவளுக்கு வெளிமாநில யுனிவர்சிட்டி ஒன்றில் ஆர்ட் ஹிஸ்டரியில் சீட் கிடைத்துவிட்டது. பணம் கட்ட மறுநாள், திங்கட்கிழமை, கடைசி நாள். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. இன்னொரு வருஷம் நீட் கோச்சிங் போ என்கிறார்.

“ஏனுங்கக்கா... நீங்களும் இதேதான் படிச்சீங்களாமா?”

“ஆமாங்ணா.”

“படிச்சுப்போட்டு இப்ப என்ன பண்றீங்க?”

அவர் கண் ஹாலைச் சுற்றி வந்தது. சுவரோரம் ஆள் உயரத்துக்கு முட்டை அட்டைகள். பொய் சொல்ல வழியே இல்லை.

“முட்டைங்ணா” என்றேன்.

தர்ஷினி கண்ணை மூடிக்கொண்டாள். பாவம்! சாட்சிக்கு ஆள் கூட்டி வந்தால், சாட்சியே இப்படிக் காலை வாரினால் என்ன செய்வாள்?

அவசர அவசரமாக என் வகுப்புத் தோழிகளை இழுத்து வந்தேன். ஒருத்தி மியூசியத்தில் அதிகாரி. ஒருத்தி பெரிய பட்டுக் கம்பெனிக்குப் பழைய டிசைன்களைத் தேடிக் கொடுக்கிறாள். ஒருத்தி காலேஜில் பாடம் எடுக்கிறாள். செல்லமுத்து அண்ணன் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் கண் முட்டை அட்டையை விட்டு நகரவில்லை.

“சரிங்க. அவங்க ஆச்சு. உங்களுக்கு வருத்தமா இல்லீங்களா?”

நல்ல கேள்வி. இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தேன். இல்லை, சத்தியமாக இல்லை. சேலத்துக்கு லோடு அனுப்பிவிட்டு செவ்வாய்ப்பேட்டையில் வசூலுக்காக ஒரு மணி நேரம் நிற்க வேண்டி வந்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. எதிர்க் கடை மாடியில் பழைய ஜன்னல் வளைவு இருக்கும், அதன் மேல் சுதையில் ஒரு கிளி இருக்கும்... பார்த்துக்கொண்டே நிற்பேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். அதை அப்படியே சொன்னேன்.

“வேடிக்கை பாக்கறதுக்கு எதுக்குங்க பட்டம்?” என்றார்.

தர்ஷினி சட்டென்று வாயைத் திறந்தாள். “நீட்டுக்கு முந்தின நாள் அம்மா என்னைய நரசிம்மர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க ஆன்ட்டி. எல்லாரும் நரசிம்மர் மொகத்தையே பாத்துக் கும்புட்டாங்க. நான் மடியில கெடக்கற இரணியனைப் பாத்துட்டு நின்னேன். தோத்துப்போன ஒடம்பு எப்படித் தொய்ஞ்சு கெடக்கும்னு அந்தச் சிற்பிக்குத் தெரிஞ்சிருக்கு. அப்படி ஒருத்தரை எங்கயோ நின்னு பாத்திருப்பாரில்ல? அது ஆரா இருக்கும்னு யோசிச்சுட்டே நின்னேன். வேண்டிக்கவே மறந்துட்டேன்.”

“அதான் மார்க்கு வல்ல” என்றார் அப்பா.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, தர்ஷினியை உள்ளே போய் என் வீட்டுக்காரரிடம் டீ வாங்கி வரச் சொன்னேன். அவள் தலை மறைந்ததும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன... போன வருசமே இந்தப் புள்ளை ‘ஆர்ட்டு படிக்கப் போறேன், ஆர்ட்டு படிக்கப் போறேன்’னு சொல்லிட்டுத் திரிஞ்சுதா... பங்காளிக ஊட்டுலெல்லாம் ஆர்ட் டாக்டர்னு நெனச்சுட்டாங்க. கெடா வெட்டுக்குப் போன எடத்துல ஒருத்தர் சட்டையவே கழட்டிக் காட்டறாருங்க! நானும் இல்லைன்னு சொல்லலை.”

“ஏங்ணா சொல்லலை?”

“கேக்க நல்லா இருந்துச்சுங்க” என்றார்.

எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. அவரும் ராசிபுரம் மாமாவிடம் இல்லை என்று சொல்லவில்லையே! நாம் என்ன படித்தோம் என்பதை யுனிவர்சிட்டி முடிவு செய்வதில்லை — சொந்தபந்தம்தான் முடிவு செய்கிறது. செல்லமுத்து அண்ணனின் சிக்கல் பணமோ வேலையோ இல்லை. ‘அந்த ஆர்ட் இல்லை’ என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டும். அதற்கு வாய் வரவில்லை.

டீ குடித்து முடித்துக் கிளம்பினார்கள். போச்சு, பெண்ணின் சீட் என்னாலேயே போச்சு என்றே நினைத்தேன். வாசல்வரை கூடவே போனேன்.

வாசலில் எங்கள் லோடு வண்டி நின்றது. ஒரு வருஷம் முன்னால் பழசாக வாங்கியது. “ஒரே ஓனர், ஒரு கீறல் இல்லை” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பின்கதவில் பெரிய மயில் ஒன்று தோகை விரித்திருக்கும். செல்லமுத்து அண்ணனின் கால் தானாக நின்றது.

“இது அடிபட்ட வண்டிங்களே.”

“அய்யோ, இல்லைங்ணா!”

அவர் டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினார். நீலத்துக்குக் கீழே வெள்ளை. அந்தப் பக்கம் போய்ச் சுரண்டினார். நீலத்துக்குக் கீழே பச்சை. “இந்தக் கதவு வேற வண்டியோடதுங்க.” பிறகு பின்னால் போய் மயிலுக்கு எதிரே நின்றார். “இங்கயும் அடி வாங்கியிருக்குது. கீழ்த்தகடு புதுசு. மயிலைப் பாருங்க, ரெண்டு ஆளு வரஞ்சிருக்கான்.”

நான் தினமும் பார்க்கிற மயில்! எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தர்ஷினி குனிந்தாள். “ஆமாப்பா! கழுத்துல இருக்கற புள்ளியெல்லாம் ரவுண்டு. கீழ தோகையில பாருங்க, எல்லாம் முட்டை மாதிரி நீளம். மேல வரஞ்சவரு பிரஷை அழுத்தி வெக்கறாரு. கீழ வரஞ்சவரு இழுத்து உடறாரு. இங்கதான்பா ஒட்டு...” தோகையின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

அவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். ஒட்டு அங்கேதான் இருந்தது. மகளை நிமிர்ந்து பார்த்தார்... இந்தப் பெண்ணை இப்போதுதான் பார்க்கிறவர் போல அப்படி ஒரு பார்வை.

“நான் ஒட்டைக் கண்டுபுடிச்சது தகட்டு நெளிவை வெச்சு சாமி. நீ புள்ளிய வெச்சே சொல்லிப்போட்டியே!”

“அண்ணா, இதேதான் அந்தப் படிப்பு” என்றேன். சமயத்தை விடுவேனா?

“இதுக்குக் காசு கட்டி மூணு வருசமுங்களா?”

“உங்களுக்கு இந்தக் கண்ணு வர எத்தனை வருஷமாச்சு?”

யோசித்தார். “பதினஞ்சு வருசம் இருக்குமுங்க. நாலு வண்டியில ஏமாந்தேன்.”

“அவ மூணே வருஷத்துல கத்துக்குவா. வண்டி வாங்காமலே!”

வேறொரு சந்தேகம் அவருக்கு. “ஏனுங்கக்கா, நீங்க அதையே படிச்சுப்போட்டு இந்த வண்டிய எப்படிங்க வாங்குனீங்க?”

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அதற்குள் என் வீட்டுக்காரர் வெளியே வந்து, “ஒரே ஓனர்னு சொன்னானே!” என்று புலம்பியபடி வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போது செல்லமுத்து அண்ணனின் போன் அடித்தது. கையெல்லாம் தூசி என்று ஸ்பீக்கரில் போட்டார். பங்காளி அண்ணன் ஒருவர்.

“ஏப்பா செல்லமுத்து, பாப்பாளுக்கு அந்த ஆர்ட்டு சீட்டு என்னாச்சு?”

தர்ஷினியின் விரல் மயில் மேலேயே நின்றுவிட்டது. செல்லமுத்து அண்ணன் மகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சீட்டு கெடச்சிருச்சுங்கண்ணா. நாளைக்குப் பணம் கட்டறோம். ஆனா... அந்த ஆர்ட் இல்லைங்க.”

“அப்புறம்?”

“செலை, ஓவியம், கோயிலு... பாத்த ஒடனே ஆரு செஞ்சது, எப்பச் செஞ்சது, எங்க ஒட்டு போட்டிருக்குதுன்னு சொல்லிப்போடற படிப்புங்க. டாக்டர் படிப்பு இல்லீங்க. நாந்தான் இத்தன நாளாச் சொல்லாம உட்டுட்டேன்.”

பங்காளி அண்ணன் விடவில்லை.

“அப்ப எனக்கு ராத்திரியில நெஞ்சு படபடன்னு வருதே... அதுக்கு?”

“அதுக்கு டாக்டர்கிட்டப் போங்கண்ணா!” என்றார் செல்லமுத்து அண்ணன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தர்ஷினி வண்டிக்குப் பின்னால் போய் நின்று துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதில் என்ன வெட்கம்?

போகும்போது அவர் கேட்ட கடைசிக் கேள்வி: “ஹாஸ்டல்ல மூணு வேளையும் சப்பாத்திதானுங்களா?” சோறும் கிடைக்கும் என்று சத்தியம் செய்து அனுப்பி வைத்தேன். திங்கட்கிழமை மதியம் பணம் கட்டிய ரசீதின் போட்டோ வந்தது.

வியாழக்கிழமை ராசிபுரம் மாமாவிடமிருந்து இன்னொரு ஈசிஜி. இந்த முறை அவருடையதில்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது. என் ப்ராக்டீஸ் பெருகுகிறது! வழக்கமான பதிலைப் போட்டுவிட்டு, விஷயத்தை தர்ஷினிக்கும் எழுதினேன்: “தயாரா இரு. உனக்கும் இதெல்லாம் வரும்.”

உடனே பதில் வந்தது.

“ஏற்கெனவே ரெண்டு வந்துருச்சு ஆன்ட்டி!”