ஏழாம் நம்பர் எந்தத் தெரு?

நெய்ச்சோறு முடிந்து, தரையில் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டி எடுத்த பிறகுதான் சண்டை ஆரம்பித்தது. சவூதியின் தம்மாமில் ஒரு மூன்றாம் மாடி ரூம். வெள்ளிக்கிழமை பிற்பகல். சண்டைக்குக் காரணம், இன்னும் தைக்கப்படாத ஒரு ஜெர்ஸி.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் ஓர் ஊர். பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள். என் போன் நம்பரும் அவர்களிடம் இருக்கிறது. அங்கே கிரிக்கெட் என்பது மற்றவர்கள் ஆடும் ஆட்டம். இவர்களுக்குக் கால்பந்துதான். வளைகுடாவுக்கு விமானம் ஏறும்போதுகூட, உம்மா கட்டிக் கொடுத்த பலகாரத்துக்குப் பக்கத்தில் பூட்ஸ் இருக்கும். தம்மாமில் அவர்களுக்கு ஓர் அணி உண்டு.

நான் அந்த ஊர்க்காரன் இல்லை. ஆடவும் தெரியாது. சாப்பிடக் கூப்பிடுவார்கள், போவேன். முன்பு பத்திரிகையில் இருந்தவன் என்பதால், தகராறு வந்தால் என்னை நியாயம் சொல்லச் சொல்வார்கள். சொல்வேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்த அணியில் ஒரு வழக்கம். ஒன்றிலிருந்து பதினொன்று வரையுள்ள நம்பர்கள் ஊர்க்காரர்களுக்கு. வெளியூர்க்காரர் யாராவது ஆட வந்தால் இருபதுக்கு மேலே ஏதாவது ஒன்று. இது சட்டமா? இல்லை. யார் கொண்டுவந்தார்கள்? தெரியாது. ஆனால் யாரும் மீறியதில்லை.

ஏழாம் நம்பர் போட்டிருந்தவர் வேலையை விட்டு, ஃபைனல் எக்ஸிட்டில் ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டார். டோர்னமென்ட்டுக்குப் புது ஜெர்ஸி அடிக்க வேண்டும். ஏழு காலியாக இருந்தது.

முருகேசன் கேட்டார்.

"சதக்கு பாய்… ஏழாம் நம்பர் சும்மாதானே கெடக்கு. எனக்குத் தாங்களேன்."

முருகேசன் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். ஏசி டக்ட் வேலை. கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வந்து ஆடிவிட்டுப் போவார். இரண்டு வருடமாக இவர்களோடுதான். முதுகில் இருபத்துநான்கு. போன சீசனில் அணி போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அவர் கால் பட்டவை.

சதக்கு காக்காதான் அணி மேனேஜர். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன். அவர் பால் விடாத சுலைமானி டீயைக் கலக்குவதை நிறுத்தினார்.

"அப்படி இல்ல தம்பி. அதுக்கு ஒரு வரலாறு இரிக்கி."

"ஜுபைல் டீம்ல கூப்பிடுறாங்க பாய். பத்தாம் நம்பரே தர்றாங்களாம். நான் இன்னும் பதில் சொல்லல." முருகேசன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டீ கிளாஸைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "ரெண்டு வருசமா ஆடுறேன். லிஸ்ட்ல இன்னும் கெஸ்ட்னுதான் போடுறீங்க."

நம்பர் ஒரு சாக்குதான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. இப்படி ஒரு நேரத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? பழைய கதை பேசுவார்கள்.

"ஏழாம் நம்பருண்டா ஹமீதுதான்," என்று ஒருவர் தொடங்கிவைத்தார். முன்பு ஒரு காலத்தில் ஏழு போட்டிருந்த ஹமீதுக்கு இடது கால்தான் பலம். பேக்கரியில் டூட்டி. மைதா அப்பிய கையோடு மைதானத்துக்கு வருவார். கைகொடுத்த எதிரணிக்காரர்கள் எல்லாம் வெள்ளைக் கையோடு ஆடினார்கள். அவர் கார்னரில் இருந்து நேராகக் கோலுக்குள் அடித்த பந்து காற்றில் வளைந்தது என்றார் ஒருவர். காற்றே இல்லை, பந்துதான் வளைந்தது என்றார் இன்னொருவர். பந்து வளையவே இல்லை, கோல்கீப்பர் தூங்கிவிட்டான் என்றார் மூன்றாமவர். மூவரும் அதே மேட்சில் ஆடியவர்கள்.

"ஓமன்ல, சோஹார்ல போயி ஆடுனோமே, கடைசி நிமிசம் ஹமீது தலையால முட்டுன கோலு…"

"அது நான் போட்ட கோலு," என்றார் நூகு. மணி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவர். என்றைக்கும் நாலாம் நம்பர்.

"போ நூகு. நீ எங்க தல தூக்குன?"

"வல்லாஹி நான்தான் காக்கா. நெத்தியில தையல் போட்டாங்களே. இந்தா பாருங்க." நூகு நெற்றியைக் காட்டினார். தழும்பு தெளிவாக இருந்தது. ஆனாலும் கோல் ஹமீது கணக்கிலேயே நின்றது.

பிறகு ஜவ்பர் வந்தார். அதாவது, பேச்சில். ரூமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏழாம் நம்பர் போட்டவர்களில் ஜவ்பருக்கு மேலே ஒருவர் இல்லை என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. முதல் மேட்சிலேயே இரண்டு கோல். அவர் சொன்னால்தான் பந்து அவர் காலை விட்டுப் போகும்.

"எங்க தெக்குத் தெருப் பய," என்றார் சதக்கு காக்கா.

"யாரு சொன்னா? ஜவ்பர் மேலத் தெரு. எங்க பள்ளிக்குப் பின்னாடி வூடு," என்றார் நூகு.

"யாரு வூட்டு மவன், சொல்லு பாப்போம்."

நூகு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு கேள்வியைத் திருப்பிவிட்டார். "நீங்க சொல்லுங்களேன்."

சதக்கு காக்காவும் யோசித்தார். எனக்கு ஆச்சரியம். இந்த ஊர்க்காரர்கள் புதிதாக யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வியே 'யாரு வூடு?' என்பதுதான். பிறகுதான் பெயர். ஜவ்பரிடம் மட்டும் கேட்காமல் எப்படி விட்டார்கள்?

"கோல் போட்டவன்கிட்ட வெலாசமா கேப்பாங்க?" என்றார் நூகு.

ஜவ்பர் இப்போது குவைத்தில், அப்பாசியாவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். போன் போட்டார்கள். ஸ்பீக்கரில்.

"ஆரு… சதக்கு காக்காவா? எப்படி, சுகமா?"

"அல்ஹம்துலில்லாஹ். ஒண்ணு சொல்லு. நீ தெக்குத் தெருவா, மேலத் தெருவா? இங்க ஒரே ரகளை."

"எங்க காக்கா?"

"நம்ம ஊர்லதான்."

கடையில் யாரோ சில்லறை கேட்பது கேட்டது. பிறகு ஜவ்பர் மெதுவாகச் சொன்னார்: "நான் கல்முனை ஆள் தானே. ஒங்கட ஊர நான் கண்டதே இல்ல."

நூகு போனை எடுத்து, சரியான ஆளுக்குத்தான் போட்டோமா என்று பெயரைப் பார்த்தார்.

தவறு எப்படி நடந்தது என்பதும் விளங்கிவிட்டது. இலங்கையின் கிழக்குக் கரையிலும் வாப்பா, உம்மா, காக்காதான். பேச்சில் இலங்கை வாடை அடித்ததே? அடித்தது. ஆனால் இவர்கள் ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் கொழும்பில் கடை இருந்தது. கொழும்பில் வளர்ந்த நம்ம பையன் என்று தெக்குத் தெரு நினைத்தது. மேலத் தெருவும் அதையேதான் நினைத்தது.

"ஏண்டா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஆருமே கேக்கல்லயே காக்கா. வந்த அண்டைக்கே ஏழாம் நம்பரைத் தந்தீங்க. பொறகு நோம்புக் கஞ்சிக்குக் கூப்பிட்டீங்க. நான் வந்து குடிச்சேன்."

போனை வைத்த பிறகு முதலில் சிரித்தது யார் என்று கவனிக்கத் தவறிவிட்டேன். நூகு சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கல்முனை நம்ம ஊருண்டா காக்கா… ராமநாதபுரம் அதவிடப் பக்கத்துலதானே இரிக்கி."

சதக்கு காக்கா என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே போனை எடுத்து, ஜெர்ஸி அடிக்கும் கடைக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "ஏழுக்கு மேல முருகேசன்னு போடு. யல்லா."

நினைவு என்பது ஒரு மோசமான நிருபர். நான் டெஸ்க்கில் இருந்த காலத்தில் இப்படி ஒரு நிருபர் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நல்ல கோல்களையெல்லாம் பிடித்த ஆள் பெயரில் எழுதுகிறது. பிடித்த ஆட்களுக்கெல்லாம் நம் தெருவில் ஒரு வீடும் கட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் ஒன்று… கெட்ட எண்ணத்தோடு அது எழுதுவதில்லை. நமக்கு வேண்டியவர்கள் வெளியாட்களாக இருக்க முடியாது என்று நம்புகிறது, அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளி மாலை டோர்னமென்ட். நானும் போனேன். முருகேசன் ஏழாம் நம்பரில் இறங்கினார். முதுகைப் பார்க்க முடியாது அல்லவா. அதனால் இரண்டு முறை கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு எதுவுமே சரியாக அமையவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் முருகேசன் காலுக்குப் பந்து வந்தது. கோல்கீப்பர் விழுந்து கிடக்கிறார். எதிரே வலை மட்டும்தான். நான் அடித்திருந்தாலே உள்ளே போயிருக்கும். முருகேசன் அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து பார்க்கிங்கில் நின்ற ஒரு பிக்கப்பின் கூரையில் விழுந்தது.

இரண்டு வருடத்தில் முருகேசன் இதற்கு முன்பும் கோல் தவற விட்டதுண்டு. அப்போதெல்லாம் கோட்டுக்கு வெளியே இருந்து ஒரே குரல்தான் வரும்: 'பரவாயில்ல தம்பி, நல்ல ட்ரை.'

இந்த முறை சதக்கு காக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"டேய் முருகேசா! கண்ண எங்கடா வச்சிட்டு வந்த, கேம்ப்புலயா? ஒட்டகத்த நிறுத்தியிருந்தாக்கூட அது முட்டி உள்ள தள்ளியிருக்குமேடா… ராத்திரி சோத்துக்கு ரூம் பக்கம் வந்து பாரு, இரிக்கி உனக்கு!"

நூகுவும் தன் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்தார். அவற்றை இங்கே எழுத முடியாது.

"பந்து எகிறிருச்சு காக்கா…" என்றார் முருகேசன், மூச்சு வாங்க.

தோற்றோம். தலையைத் தொங்கப்போட்டு எல்லோரும் வண்டிக்கு நடந்தபோது, வழியெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டே முருகேசன் மட்டும் சிரித்தபடி வந்தார்.

விருந்தாளியை யாராவது இப்படித் திட்டுவார்களா, சொல்லுங்கள்?